பெரிய குடும்பக் கூடாரம் வாங்குமுன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒவ்வொரு மே மாதமும் தொலைபேசி அடிக்கும். "அண்ணை, இந்தக் கோடைக்குப் பிள்ளையளோட காம்பிங் போவம் எண்டு இருக்கிறம், என்ன கூடாரம் வாங்கிறது?" பன்னிரண்டு வருடமாக ரொறன்ரோவிலிருந்து வான் வண்டி நிறையச் சாமானும் சனமுமாக ஒன்ராறியோவின் மாகாணப் பூங்காக்களுக்குப் போய் வருகிறவன் என்பதால் என்னிடம் கேட்கிறார்கள். மூன்று கூடாரம் மாற்றியிருக்கிறேன். அதில் ஒன்று என் பிழையால் போனது, ஒன்று அதன் பிழையால் போனது, மூன்றாவது இன்னும் இருக்கிறது. திரும்பத் திரும்ப ஒரே கேள்விகள்தான் வருகின்றன என்பதால் இங்கே எழுதி வைக்கிறேன். கூடாரம் போடும் தளம் வரை வாகனத்தில் போய் இறங்குகிற குடும்பங்களுக்கானது இது. முதுகில் சுமந்தும் கனூவில் ஏற்றியும் போகிறவர்களுக்கு வேறு கணக்கு.

பெட்டியில் எட்டுப் பேர் என்று போட்டிருக்கிறது. நாங்கள் ஆறு பேர். தாராளம்தானே?

படுக்கலாம். தாராளம் என்ற சொல்லை விட்டுவிடுங்கள். ஆளுக்கு ஏறக்குறைய இரண்டடி அகலம் கொடுத்து, தோளோடு தோள் முட்ட அடுக்கினால் எத்தனை உடம்பு கொள்ளும் என்பதுதான் பெட்டியில் இருக்கும் எண். ரின்னில் மீன் அடுக்குகிற கணக்கு. பைகள், சப்பாத்துகள், இரவில் எழும்பிப் போக ஒரு வழி, எதுவும் அதில் சேராது.

தலைகளை எண்ணாமல் மெத்தைகளை எண்ணுங்கள். குயீன் அளவு காற்று மெத்தை 5 அடி அகலம், 6 அடி 8 அங்குல நீளம். சுமார் 33 சதுர அடி. கடையில் பத்துப் பேருக்கு என்று விற்கிற 14க்கு 10 அடிக் கூடாரத்தின் தரை 140 சதுர அடி. நான்கு குயீன் மெத்தை போட்டால் 133 போய்விடும். மிச்சம் ஏழு சதுர அடி. நான்கு மெத்தையில் எட்டுப் பேர்தானே படுக்கலாம், மற்ற இரண்டு பேர் எங்கே என்று என்னிடம் கேட்காதீர்கள்.

அதே 14க்கு 10, தாய் தகப்பனுக்கு ஒரு குயீன், இரண்டு சின்னப் பிள்ளைகளுக்கு ஒரு குயீன், அம்மம்மாவுக்கு ஒரு மடிப்புக் கட்டில், மூலையில் பைகள் என்று வைத்தால் அளவாக இருக்கும். ஆறாவது ஆளும் சமாளிக்கலாம். ஆகவே பெட்டி எண்ணில் மூன்றில் ஒரு பங்கைக் கழியுங்கள். மழை நாளில் உள்ளேயே இருந்து காட்ஸ் விளையாடவும் இடம் வேண்டுமென்றால் பாதியைக் கழியுங்கள். நம்பிக்கை வராவிட்டால் கடைக்குப் போகுமுன் ஹோலில் சோபாவைத் தள்ளிவிட்டு, பெயின்ற் அடிக்கும்போது ஒட்டுகிற நீல ரேப்பால் அந்த அளவுக்குக் கோடு போட்டு, எல்லோரையும் உள்ளே படுக்கச் சொல்லிப் பாருங்கள். பிள்ளைகளுக்கு அதுவே ஒரு விளையாட்டு.

அப்படியென்றால் இருப்பதில் மிகப் பெரியதையே வாங்கிவிடலாமே?

இப்படித்தான் என் முதல் கூடாரம் போனது. இருபது அடி நீளம், மூன்று அறை, கடையில் விரித்து வைத்திருந்ததைப் பார்த்து மயங்கி வாங்கினேன். தளத்துக்குப் போனால் சமதரை என்று இருந்தது பதினைந்து அடி. ஒரு அறை சரிவில் தொங்க, இன்னொன்றின் நடுவில் ஒரு பைன் மரத்தின் வேர். அதையும் இழுத்துக் கட்டியதில் தைத்த இடம் பிரிந்தது.

பூங்காத் தளங்கள் எல்லாம் ஒரே அளவில் இருப்பதில்லை. ஒன்ராறியோ மாகாணப் பூங்காக்களுக்கு ஐந்து மாதத்துக்கு முன்பே பதிவு திறக்கும். பதிவு செய்யும் இணையப் பக்கத்தில் தளத்தைத் தெரிவு செய்யும்போது அதன் விவரங்களையும் படத்தையும் பாருங்கள். கூடாரத்தின் அளவோடு, இழுகயிறுகளுக்குச் சுற்றிலும் மூன்றடியாவது சேர்த்துக்கொள்ளுங்கள். பெரிய கூடாரம் இருபது கிலோ வரை வரும், மழையில் நனைந்தால் அதற்கும் மேல். வீடு திரும்பும் நாளில் அதைச் சுருட்டி வானில் ஏற்றப்போவது யார் என்பதையும் யோசியுங்கள்.

ஒரே பெரிய கூடாரமா, இரண்டு சிறியவையா?

பிள்ளைகள் பத்து வயதுக்குக் கீழ் என்றால் ஒன்றே ஒன்று. நடு இரவில் ஒரு றக்கூன் தகரத்தைத் தட்டினால் அவர்கள் உங்களிடம்தான் வருவார்கள், நீங்கள் எத்தனை கூடாரம் வாங்கியிருந்தாலும் சரி. பதின்ம வயதினர் இருந்தால் இரண்டு. அவர்களுக்கும் நிம்மதி, உங்களுக்கும் நிம்மதி. குறட்டை விடுகிற சித்தப்பா இருந்தால் மூன்றாவது ஒன்றையும் வானில் போடுங்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

பெரியதிலேயே நடுவில் துணித் தடுப்புப் போட்டு 'இரண்டு அறை' என்று விற்பார்கள். அது மறைப்பு மட்டுமே. சத்தத்தைத் தடுக்காது.

கேபின், டோம், டனல். எது நல்லது?

கேபின் வீடு மாதிரி: சுவர் நேராக நிற்கும், ஓரம் வரை நிமிர்ந்து நடக்கலாம், கட்டிலைச் சுவரோடு ஒட்டிப் போடலாம். ஆனால் அந்த நேர்ச்சுவர் கப்பல் பாய் மாதிரிக் காற்றைப் பிடிக்கும். டோம் வளைந்து குனிவதால் காற்று வழுக்கிக்கொண்டு போகும். ஓரத்தில் மட்டும் தலை இடிக்கும். டனல் ஐரோப்பாவில் அதிகம். நீளமாக, முன்னால் ஒரு விறாந்தையோடு வரும், இடவசதிக்கு அதை அடிக்க எதுவும் இல்லை. ஆனால் முளை அடித்து இழுத்தால்தான் நிற்கும். பாறைமேல் அதற்கு வழியில்லை.

மரங்களுக்கு நடுவே ஒதுங்கிய தளங்களில் கூடாரம் போடுகிற குடும்பத்துக்குக் கேபின் என்பேன். ஏரிக்கரையில் திறந்த வெளியில் போடுகிறவர்கள் டோம் பக்கம் போவது நல்லது.

ஒரே நிமிடத்தில் நிமிர்ந்துவிடும் என்கிற 'இன்ஸ்ரன்ற்' கூடாரங்களை நம்பலாமா?

ஒரு நிமிடம் விளம்பரத்துக்கு. எங்களுக்குப் பத்து நிமிடம், அதுவே பெரிய விஷயம். வெள்ளிக்கிழமை வேலை முடித்து, 400 நெடுஞ்சாலையில் ஊர்ந்து ஊர்ந்து வடக்கே போய்ச் சேரும்போது இருட்டிவிடும். நுளம்பு காதில் பாட, பிள்ளைகள் பசியில் சிணுங்க, எந்தத் தடி எந்தத் துளைக்குள் என்று ரோர்ச் அடித்துப் பார்த்தவர்களுக்குத்தான் இதன் அருமை தெரியும்.

ஆனால் தடிகள் எல்லாம் ஏற்கனவே பொருத்தப்பட்டிருப்பதால் ஒன்று முறிந்தால் அந்த இடத்திலேயே கழற்றி மாற்ற முடியாது. என் இரண்டாவது கூடாரத்தின் உச்சி மூட்டு, கை அளவு பிளாஸ்ரிக் துண்டு, மூன்றாம் பயணத்தில் வெடித்தது. உதிரிப்பாகம் அனுப்புகிறோம் என்றார்கள். வரவே இல்லை. ஆகவே வாங்குமுன் அந்த உச்சி மூட்டையும் தடிகள் நடுவில் மடிகிற மூட்டுகளையும் தொட்டுப் பாருங்கள், உதிரிப்பாகம் தனியாக விற்கிறார்களா என்றும் கேளுங்கள். மடித்தாலும் நான்கடி நீளத்துக்குக் குறையாது, வானின் பின்பக்கத்தை அளந்துகொள்ளுங்கள்.

'1500 மில்லிமீற்றர்' என்று எழுதியிருப்பது என்ன? எவ்வளவு இருக்க வேண்டும்?

துணிமேல் ஒரு குழாயை நிறுத்தித் தண்ணீர் விட்டால், எத்தனை மில்லிமீற்றர் உயரம் வரும்வரை துணி கசியாமல் தாங்கும் என்ற அளவு. கூரைக்கு 1500 இருந்தால் சாதாரண மழை தாங்கும், 2000, 3000 என்றால் நிம்மதி. தரைக்கு இன்னும் கூட வேண்டும், ஏனென்றால் நீங்கள் முழங்காலை ஊன்றும் இடத்தில் அழுத்தம் அதிகம். இங்கே விற்கிற பல கூடாரங்களில் அந்த எண்ணே இருக்காது.

உண்மையில் எண்ணைவிட நான் பார்ப்பது மேல் துணியை. ஃபிளை என்பார்களே, அது. மலிவான கேபின்களில் அது ஒரு தொப்பி மாதிரி உச்சியை மட்டும் மூடும். நேராகப் பெய்கிற மழைக்குச் சரி. ஏரிப் பக்கமிருந்து காற்றோடு சரிந்து அடிக்கிற மழைக்கு அது போதாது, தண்ணீர் சுவரில் வழிந்து, ஜன்னல் ஸிப்பால் இறங்கி, மெத்தை விளிம்பில் வந்து நிற்கும். ஃபிளை தரைக்கு ஒரு சாண் உயரம் வரையாவது இறங்க வேண்டும். பிறகு தையல்: உள்ளே இருந்து பார்த்தால் தையலின் மேல் வழுவழுப்பான நாடா ஒட்டியிருக்க வேண்டும். இல்லையென்றால் தையல் பசை ஒரு போத்தல் வாங்கி வீட்டுப் பின்வளவில் வைத்து நீங்களே பூசுங்கள். கடைசியாகத் தரை. தரைத்துணி சுவரில் அரை அடியாவது தொட்டி மாதிரி மடிந்து ஏறி, அதற்கு மேல்தான் தையல் இருக்க வேண்டும்.

வாங்கியதும் பின்வளவில் நிறுத்தி, தோட்டக் குழாயால் பதினைந்து நிமிடம் தண்ணீர் அடித்துப் பாருங்கள். ஒழுகினால் கடை பக்கத்தில் இருக்கும்போதே தெரிந்துவிடும்.

அடியில் தறப்பாள் விரிக்க வேண்டுமா?

விரியுங்கள், ஆனால் கூடாரத்தைவிடச் சிறியதாக. பெரிய தறப்பாளை விரித்து, ஓரம் வெளியே தெரிய அழகாக விட்டுவைப்பார்கள். கூரையிலிருந்து வழிகிற தண்ணீர் முழுவதும் அந்த ஓரத்தில் விழுந்து, தறப்பாளுக்கும் கூடாரத்தின் தரைத்துணிக்கும் நடுவே ஓடிப் போய், இரவு இரண்டு மணிக்கு நீங்கள் ஒரு குளத்தின் மேல் படுத்திருப்பீர்கள். நான் படுத்திருக்கிறேன். ஓரங்களை உள்ளே, கீழ்ப் பக்கமாக மடித்து விடுங்கள்.

மழையே பெய்யவில்லை, காலையில் உள்ளே எல்லாம் ஈரம். கூடாரம் பழுதா?

பழுதில்லை, அது உங்கள் மூச்சு. ஒருவர் ஓரிரவில் மூச்சாலும் தோலாலும் விடுகிற ஈரம் ஒரு கோப்பைக்குக் குறையாது. ஆறு பேர் என்றால் ஒரு செம்புத் தண்ணீர் குளிர்ந்த துணியில் போய் முத்து முத்தாக ஒட்டும். குளிர்கிறது என்று எல்லா ஜன்னலையும் பூட்டுவதுதான் பிழை. மேல் வலையையும் எதிர்ப்பக்கம் கீழே ஒரு துவாரத்தையும் திறந்து விட்டு, ஆளுக்கு ஒரு போர்வை கூடப் போடுங்கள். அல்கொன்குவின் பூங்காப் பக்கம் ஆகஸ்ட் கடைசி இரவுகளில் வெப்பநிலை ஒற்றை இலக்கத்துக்கு இறங்கும், அது தெரிந்தே போர்வை கொண்டு போக வேண்டும்.

அம்மா கூடாரம் என்றாலே வரமாட்டேன் என்கிறார். என்ன செய்யலாம்?

என் மாமியும் அப்படித்தான் சொன்னார். "கூடாரத்துக்க கிடக்கிறதுக்கோ கனடாவுக்கு வந்தனான்?" 2009இல் வன்னியிலிருந்து வெளியே வந்து, மெனிக் பாம் முகாமில் மாதக்கணக்கில் இருந்தவர். காசு கட்டி, லீவு போட்டு, வேண்டுமென்றே போய்த் தரையில் படுப்பதில் என்ன சந்தோசம் என்று அவர் கேட்டால் என்னிடம் பதில் இல்லை. எங்கள் வீட்டில் இதற்கு 'முகாம்' என்ற சொல்லைப் பாவிப்பதே இல்லை, காம்பிங் என்றுதான் சொல்வோம். வற்புறுத்தாதீர்கள். நாங்கள் இரண்டு வருடம் அவரை விட்டுவிட்டே போனோம். மூன்றாம் வருடம் பேத்தி கேட்டாள், வந்தார்.

வந்த பிறகுதான் தெரிந்தது, மற்றக் காரணங்களும் இருந்தன, அவை கூடாரத்தின் அமைப்பில் இருந்தன. குனிந்து நுழைகிற வாசல். தரையிலிருந்து எழும்ப முடியாத முழங்கால். இருட்டில் மற்றவர்களின் காலைத் தாண்டிக் கழிப்பறைக்குப் போகிற சங்கடம். ஆகவே மூன்றாவது கூடாரத்தை அவரை வைத்தே தேர்ந்தெடுத்தேன். நடுவில் ஆறரை அடி உயரம். இரண்டு வாசல், ஒன்று அவர் கட்டிலுக்குப் பக்கத்தில். வாசலின் கீழ்ப்படி உயரமில்லாதது, ஏனென்றால் தொட்டி மாதிரி ஏறிய தரையே வயதானவர்களின் காலை இடறும். கட்டிலின் கால்கள் தரைத்துணியைக் குத்தாமல் இருக்க அடியில் பழைய ரப்பர் பாய்த் துண்டுகள். ஸிப்பின் நுனியில் இருட்டில் ஒளிரும் கயிறு ஒன்றைக் கட்டி விட்டேன், அதை அவர் மிகவும் மெச்சினார். தளமும் கழிப்பறையிலிருந்து மூன்று நான்கு தளம் தள்ளி. ஒட்டினாற்போல் எடுத்தால் இரவு முழுவதும் கதவு அடிக்கிற சத்தமும் வெளிச்சமும்.

தறப்பாளில் மழை விழுகிற சத்தம் மட்டும் அவருக்கு ஆகவில்லை. அன்றிரவு எழும்பி உட்கார்ந்தே இருந்தார். மறுநாள் சாப்பாட்டு மேசைக்கு மேல் கட்டியிருந்த தறப்பாளை அவர் படுக்கிற பக்கத்திலிருந்து தூரத்துக்கு மாற்றிக் கட்டினேன். இப்போதும் அப்படித்தான் கட்டுகிறேன்.

மழை வந்தால் உள்ளேயே தேத்தண்ணி வைக்கலாமா?

வேண்டாம். புரொப்பேன் அடுப்போ கரி அடுப்போ மூடிய கூடாரத்துக்குள் காபன் மொனொக்சைட்டை நிரப்பும்; மணம் இல்லை, நிறம் இல்லை, நித்திரையிலேயே ஆளைக் கொல்லும். அணைத்துவிட்ட கரியையும் சூட்டுக்காக உள்ளே கொண்டுபோகக் கூடாது. கனடாவில் விற்கும் கூடாரங்கள் தீப்பற்றும் தன்மை குறித்த விதிகளுக்கு உட்பட்டவைதான். அதற்காக எரியாது என்று அர்த்தமில்லை. வெளியே தறப்பாளுக்குக் கீழ், காற்றோட்டமாக, கூடாரத்திலிருந்து தள்ளி வைத்து ஊற்றுங்கள்.

சாப்பாடும் அப்படியே. ஒரு பிஸ்கற் பக்கெற்றும் உள்ளே வேண்டாம். கருங்கரடி உள்ள பூங்காக்களில் கூலர், கறிச்சட்டி, பற்பசை எல்லாம் இரவில் பூட்டிய வாகனத்துக்குள். எங்கள் மீன்குழம்பு மணம் கரடிக்குக் கல்யாண அழைப்பு.

முளைகள், தடிகள் பற்றி ஏதாவது?

பெட்டியில் வருகிற மெல்லிய கம்பி முளைகளை வீட்டில் ரோஜாச் செடிக்குப் பாவியுங்கள். சான்ட்பாங்ஸ், பைனரி போன்ற இடங்களில் மணல். ஓரடி நீளமான, அகலமான முளை வேண்டும். கில்பேர், கில்லார்னி போல ஜோர்ஜியன் குடாப் பக்கத்துப் பூங்காக்களில் பல இடங்களில் பாறைக்கு மேல் ஒரு சாண் மண்தான். அங்கே முளை இல்லாமல் தானே நிற்கிற கூடாரமும், கயிற்றைக் கட்டக் கனமான கல்லும் தேவை. தடியில் ஃபைபர்கிளாஸ் மலிவு, ஆனால் முறிந்தால் சிம்புகளாகப் பிளந்து கையில் ஏறும். பெரிய கேபின்களுக்கு இரும்புத் தடி கனம் என்றாலும் உறுதி. அலுமினியம் நல்லது, விலைதான்.

பெரும் காற்று, இடி மின்னலுக்கு எந்தக் கூடாரம் தாங்கும்?

அதற்குக் கூடாரம் இல்லை, வாகனம்தான். 2022 மே 21, விக்டோரியா தின வார இறுதியின் சனிக்கிழமை, தெற்கு ஒன்ராறியோவைக் கடந்துபோன கடும்புயலில் மரம் விழுந்தே பலர் இறந்தார்கள், காம்பிங் வண்டிக்குள் இருந்த ஒருவரும் அதில் அடக்கம். ஆகவே தளத்தில் இறங்கியதும் முதலில் மேலே பாருங்கள். பட்ட மரம், தொங்குகிற காய்ந்த கிளை எதற்கும் கீழே கூடாரம் போடாதீர்கள். இடி கேட்டால் எல்லோரையும் வானுக்குள் ஏற்றுங்கள், கிளை விழக்கூடிய மரத்தடியிலிருந்து வானையும் தள்ளி நிறுத்துங்கள்.

வெளிச்சம் புகாத கறுப்புத் துணிக் கூடாரம் தேவையா?

சின்னப் பிள்ளைகள் இருந்தால் ஆம். ஜூனில் இங்கே ஐந்தரை மணிக்கே சூரியன் வந்துவிடும், இரவு ஒன்பது வரை போகாது. சாதாரணத் துணிக்குள் குழந்தை ஐந்தே முக்காலுக்கு எழும்பி, பக்கத்துத் தளத்தையும் எழுப்பும். ஒரு குறை, பகலிலும் உள்ளே ரோர்ச் இல்லாமல் காலுறை தேட முடியாது.

வீட்டுக்கு வந்ததும் என்ன செய்ய வேண்டும்?

ஞாயிறு இரவு களைப்பில் ஈரத்தோடு பேஸ்மென்றில் போட்டீர்களானால் இரண்டு நாளில் பூஞ்சணம். பிறகு அந்த மணம் போகாது. கராஜிலோ பல்கனியிலோ தொங்கவிட்டு, தையல் மடிப்புகள் வரை காய்ந்த பிறகே சுருட்டுங்கள். உடுப்புத் தோய்க்கும் இயந்திரத்தில் போடாதீர்கள், தண்ணீரைத் தடுக்கிற நீர்ப்பூச்சு உரிந்துவிடும்.

பழையது வாங்கலாமா? எப்போது மலிவு?

பெரிய கூடாரம் என்றால் பழையது நல்ல யோசனைதான். ஒருமுறை போய்விட்டு "இனி வேண்டாம்" என்று விற்கிற குடும்பங்கள் நிறைய. ஆனால் பையில் சுருட்டிக் கிடப்பதை வாங்காதீர்கள். விற்பவரின் வீட்டு முன்றலில் நிறுத்திக் காட்டச் சொல்லுங்கள். உள்ளே போய் ஸிப்பை மூடிக்கொண்டு ஒருமுறை மூச்சை இழுங்கள்: பூஞ்சண மணம் வந்தால் வேண்டாம். ஃபிளையின் உள்பக்கத்தைத் தடவுங்கள்: விரலில் பசை மாதிரி ஒட்டினால் நீர்ப்பூச்சு உக்கிவிட்டது. எல்லா ஸிப்பையும் இரண்டு தரம் ஓட்டுங்கள். தடிகளை எண்ணுங்கள். பகலில் உள்ளே நின்று கூரையைப் பார்த்தால் ஊசித் துளை தெரியும்.

புதியது என்றால் செப்டம்பர். கடைகள் பனிச் சவளை உள்ளே கொண்டுவர இடம் தேடுகிற நேரம், கூடாரங்களைத் தள்ளிவிடுவார்கள். என் மூன்றாவது அப்படி வந்ததுதான். பெட்டி கிழிந்திருந்தது என்று இன்னும் இருபது டொலர் குறைத்தார்கள்.